ஆறாம் பத்தியும் மாமன் பட்டமும்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
3-7-2024

திருமதி கலைமணி அவர்களுக்கு,

நடந்தது இதுதான். மும்பையிலுள்ள சந்தை வாரியம் உன் மஞ்சள் கணக்கையும் என் மஞ்சள் கணக்கையும் சேர்த்து ஒரே ஆளின் கணக்கு என்று முடிவு கட்டிவிட்டது. முன்பேரச் சந்தையில் ஓர் ஆள் இவ்வளவுதான் விற்று வைக்கலாம் என்று வரம்பு உண்டல்லவா. நான் என் வரம்புக்குள் இருக்கிறேன், நீ உன் வரம்புக்குள் இருக்கிறாய். கூட்டினால் தாண்டிவிட்டது. இரண்டு கணக்கையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதிகப்படியை அக்டோபர் முடிவதற்குள் குறைக்கச் சொல்கிறார்கள். உனக்கும் இதே நோட்டீஸ் வந்திருக்கும்.

மேலே ‘அவர்களுக்கு’ என்று போட்டது வக்கீல் சொன்னதால். உள்ளே நீ என்றுதான் எழுதுவேன். ஆறு வருடம் பேசாமல் இருந்தேன் என்பதற்காகத் தங்கச்சியை நீங்கள் என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை.

வழி ஒன்று உண்டு. நம்மைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று விலக்கு கேட்டு மனுப் போடலாம். சென்னையில் இளஞ்செழியன் என்ற வக்கீல் இதே வேலையாக இருக்கிறார், போய்ப் பார்த்தேன். விலக்கு யாருக்கு வேண்டுமோ அவர்களே பேர் ஊர் போட்டுக் கேட்க வேண்டும். எந்த விதியிலிருந்து, எதற்காக, தராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எழுத வேண்டும். எழுதிய விவரம் உண்மை, முழுமை, எதையும் மறைக்கவில்லை என்று விவரம் தெரிந்த ஆளே சான்று கொடுக்க வேண்டும். வக்கீல் கையெழுத்து செல்லாது. கடைசியாக ஓர் உறுதிமொழி: சொன்னதில் எது மாறினாலும் உடனே வாரியத்துக்குத் தெரிவிப்போம் என்று.

நாம் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான். நமக்குள் போக்குவரத்து இல்லை. “உங்க தங்கச்சியோட உறவு எப்படி சார்?” என்றார். பேச்சே இல்லை என்றேன். “ரொம்ப நல்லது. எவ்வளவு கெட்டிருக்கோ அவ்வளவு நமக்கு பலம்” என்றார். ஃபீஸ் வாங்குகிற மனுஷன் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார்.

போன் செய்யாதே. யார் யாரை எப்போது கூப்பிட்டார்கள் என்ற பட்டியலை வாரியம் கேட்கும். ரிஜிஸ்டர் தபாலில் மட்டும் எழுது; மனு விஷயம் மட்டும்தான் என்று காட்ட, கடிதங்களை வக்கீல் கட்டி வைப்பார்.

சண்முகவேல்

*

நாமகிரிப்பேட்டை
9-7-2024

திரு. சண்முகவேல் அவர்களுக்கு,

நோட்டீஸ் எனக்கும் வந்தது. வரம்புக்குள்தானே இருக்கிறோம் என்று உங்களைப் போலக் கோபப்பட எனக்கு நேரமில்லை. என் குடோனில் கிடக்கும் விரலி மஞ்சளில் முக்கால்வாசி என்னுடையது அல்ல. நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கத்து விவசாயிகள், நம் காட்டுக்காரர்கள் இறக்கி வைத்தது. விலை இறங்கினாலும் இவ்வளவு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் இறக்க வைத்தேன். அந்த வாக்குக்குப் பாதுகாப்பாகத்தான் சந்தையில் விற்று வைத்திருக்கிறேன். அதைக் குறைக்கச் சொன்னால், நாளை விலை சரிந்தால் வித்தியாசத்தை நான்தான் கையிலிருந்து தர வேண்டும். குடோனை விற்றால்தான் முடியும். ஆகையால் மனுவுக்குச் சம்மதம்.

வக்கீல் அனுப்பிய வரைவைப் படித்தேன். ஐந்தாம் பத்தி வரை பழுதில்லை. ஆறாம் பத்தியில் இப்படி இருக்கிறது: ‘மனுதாரர்கள் இருவருக்கும் இடையே கடந்த ஆறு ஆண்டுகளாகப் பணம், பண்டம், பரிசு, தகவல் எதுவும் கைமாறியதில்லை. ஒருவர் இல்லத்து நற்காரியத்திலோ துக்க காரியத்திலோ மற்றவரோ மற்றவர் குடும்பத்தாரோ கலந்துகொண்டதில்லை.’

இது பொய் இல்லை. ஆனால் எழுதத்தான் வேண்டுமா? இத்தனை நாள் எழுதாமலே உண்மையாகத்தானே இருந்தது.

கலைமணி

*

செவ்வாய்ப்பேட்டை
15-7-2024

கலைமணிக்கு,

எழுதத்தான் வேண்டும். கேட்டுவிட்டேன். அந்தப் பத்திதான் மனுவுக்குக் கடைக்கால் என்கிறார்.

அது மட்டும் போதாதாம், வெளியாள் ஒருவரின் பிரமாணப் பத்திரமும் வேண்டுமாம். நாம் பிரிந்ததை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். மஞ்சள் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் தீர்த்தகிரியைக் கேட்டேன். ஒரு சாட்சிதான் கேட்டேன், ஏலக் களத்தில் பாதிப்பேர் முன்வந்துவிட்டார்கள். அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தவன்கூட நேரில் பார்த்ததாகச் சொல்கிறான். நம் சண்டைக்கு இவ்வளவு கூட்டம் இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம்.

இன்னொரு விஷயம். நம்மை எப்படிப் பிடித்தார்கள் என்று தெரிந்தது. அப்பா பேரும் பழைய விலாசமும் ஒன்று என்பதற்காக மட்டும் இல்லை. ஐந்து வருட ஆர்டரை எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். நீ விற்ற நாளெல்லாம் நான் விற்றிருக்கிறேன். நான் சும்மா இருந்த நாளெல்லாம் நீயும் சும்மா இருந்திருக்கிறாய். அதிலும் ஒரே கால் மணி நேரத்துக்குள். கம்ப்யூட்டருக்கு இது கூட்டுச் சதி. பேசி வைத்துக்கொள்ளாமல் இப்படி அமையாது என்று எழுதியிருக்கிறார்கள்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடை மேடையில் நின்ற காலத்திலிருந்து அப்பாவுக்குக் கிழிக்கிற காலண்டர்தான் முதலாளி. கரிநாளில் கை வைக்க மாட்டார், அஷ்டமி நவமியில் வாய் திறக்க மாட்டார். “நல்ல நேரம் பொறந்து கா மணிக்குள்ள சீட்டப் போட்டறோணும், அப்பறம் போட்டா ஊரான் நேரம்” என்பார். நான் இன்றைக்கும் அப்படித்தான். நீயும் அப்படித்தான் என்று வாரியம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இதை விளக்கி எழுதி, ஐந்து வருடக் காலண்டர் தாளும் இணைக்க வேண்டுமாம். தினம் கிழித்துப் போடுகிற தாளுக்கு எங்கே போவது? அச்சகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

சண்முகவேல்

*

நாமகிரிப்பேட்டை
22-7-2024

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை வக்கீல் கட்டில் சேர்க்க வேண்டாம்.

தீர்த்தகிரி அண்ணன் பிரமாணப் பத்திரத்தின் நகலை எனக்கும் அனுப்பினார்கள். நான் அன்றைக்குப் பேசினதும் நீங்கள் பேசினதும் வரிக்கு வரி நம்பர் போட்டு, நோட்டரி முத்திரையோடு இருக்கிறது. எனக்கு ஞாபகம் இருந்தது வேறு. நிலாவின் அப்பா காலமாகி மூன்றாம் மாதம் நான் ஏலத்தில் உட்கார வந்தேன், நீங்கள் எல்லார் முன்னாலும் கத்தினீர்கள், நான் வாயைத் திறக்காமல் எழுந்து வந்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பத்திரத்தில் அப்படி இல்லை.

நீங்கள், “உன்ற கணக்க நான் பாத்துக்கறேன், நீ ஊட்ல இரு சாமி” என்றிருக்கிறீர்கள். நான்தான், “என்னைய ஊட்ல உக்கார வெச்சுட்டு என்ற குடோன எழுதி வாங்கலாம்னு பாக்கறீங்களா?” என்று கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் நீங்கள், “இனி அண்ணனுமில்ல தங்கச்சியுமில்ல. மொதலாளிக்கு மொதலாளி” என்று சொன்னது. நான் அப்படிக் கேட்டேனா? கேட்டிருப்பேன். பத்துப் பேர் பார்த்ததை அவர் மாற்றி எழுதியிருக்க முடியாது.

‘சாமி’ என்று சொன்னதை மட்டும் வக்கீல் அடித்துவிட்டார். உறவு நன்றாக இருந்ததுபோல் தெரியுமாம். நகலில் அடித்த கோட்டுக்குக் கீழே எனக்குப் படிக்க முடிந்தது.

ஆறாம் பத்தியில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உறுதிமொழி ஏழாம் பத்தியிலும் போட்டிருக்கிறேன். காலண்டர் தாளுக்கு அலைய வேண்டாம். நான் கிழிப்பதில்லை, மடித்துவிடுவேன். ஐந்து வருடக் கட்டும் ஆணியில் தொங்குகிறது. பார்சலில் வருகிறது.

கலைமணி

*

செவ்வாய்ப்பேட்டை
5-8-2024

கலைமணிக்கு,

மனு போய்ச் சேர்ந்தது. ஒப்புகையும் வந்தது. காலண்டர் கட்டைப் பார்த்து வக்கீல் சிரித்தார்; நான் சிரிக்கவில்லை. நீ சில தாளில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாய். நிலா காலேஜில் சேர்ந்த நாள், உனக்குக் கண் ஆபரேஷன் நடந்த நாள். ஆபரேஷன் நடந்ததே எனக்குத் தெரியாது. நல்ல நேரம் பார்த்துத்தான் போயிருக்கிறாய். நானும் அன்றைக்கு அதே நேரத்தில் இருநூறு மூட்டை விற்றிருக்கிறேன்.

வாரியத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வக்கீலிடம் பேசியிருக்கிறார். நல்ல நேரம் என்றால் என்ன, அது எந்தச் சட்டத்தின்படி அறிவிக்கப்படுகிறது என்று கேட்டாராம். எல்லாருக்கும் பொதுவான காலண்டர் என்றால் சேலம் ஜில்லா முழுக்க அந்தக் கால் மணியில் விற்க வேண்டுமே, ஏன் நீங்கள் இரண்டு பேர் மட்டும் என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். மற்றவர்கள் நல்ல நேரத்துக்குள் என்றைக்காவது விற்கிறார்கள். பிறந்த கால் மணிக்குள் விற்பது கண்ணுசாமி பெற்ற இரண்டு பேர் மட்டும்தான். இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்து, ‘குடும்பப் பழக்கம், கூட்டு முடிவு அல்ல’ என்று எழுதியிருக்கிறோம்.

காட்டுக்காரர்கள் கேட்டால், வாக்குக் கொடுத்த விலை மாறாது என்று தைரியமாகச் சொல்.

சண்முகவேல்

*

நாமகிரிப்பேட்டை
14-8-2024

அண்ணனுக்கு,

இதையும் கட்டில் சேர்க்க வேண்டாம்.

நிலாவுக்கு இடம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை ராசிபுரம், நெய் வியாபாரம் செய்கிற குடும்பம், பையன் பேர் கோகுல்ராஜ். ஆவணிக் கடைசி முகூர்த்தம். அதற்குமேல் தள்ள அவர்களுக்கு மனமில்லை; பையன் வேலைக்காகத் துபாய் போகிறான்.

பத்திரிகை அடிக்க வேண்டும். சம்பந்தியம்மா ராஜம்மாள் முதலில் கேட்டதே, “தாய்மாமன் பேரு என்ன போடறதுங்க?” என்றுதான். அவர்களுக்கு நம் சண்டை தெரியும். தெரிந்துதான் கேட்டார்கள். நான் சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

பெண் நெற்றியில் பட்டம் கட்டுவதற்கு மாமன் வேண்டும். சீர்த்தட்டு எடுத்து வர மாமன் வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆறாம் பத்தியை எடுத்து மறுபடி படித்தேன். பரிசு கைமாறியதில்லை. நற்காரியத்தில் கலந்துகொண்டதில்லை. ஏழாம் பத்தியையும் படித்தேன். மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும்.

நான் வாருங்கள் என்றும் எழுதவில்லை, வராதீர்கள் என்றும் எழுதவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைப் பத்திரிகைக்காரரிடம் சொல்கிறேன்.

கலைமணி

*

செவ்வாய்ப்பேட்டை
19-8-2024

கலைமணிக்கு,

வக்கீலைக் கேட்டேன். வந்தால் மனு அன்றோடு செத்தது என்றார். பத்திரிகையில் பேர் அடித்தாலே போதும், யாராவது ஒருவன் அதை மும்பைக்கு அனுப்புவான் என்றார். ஏலத்தில் நமக்கு ஆகாதவர்கள் இல்லாமல் இல்லை.

வியாபாரியாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். என் சரக்கை விட்டுவிடு. உன் குடோனில் கிடக்கிற மஞ்சள் ஊரான் வீட்டுச் சோறு. விலக்கு வராமல் போய், விலையும் சரிந்தால், நிலா கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்ட காட்டுக்காரன் அடுத்த மாதம் உன் வாசலில் வந்து நிற்பான். ஒரு நாள் சடங்கா, நாற்பது குடும்பத்துக் காசா? கல்யாணம் மாமன் இல்லாமலும் நடக்கும். ஆர்டர் வந்த பிறகு சாவகாசமாக மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பேர் போடாதே. சித்தப்பா மகன் ஈஸ்வர் முறைக்கு மாமன்தான். அவனைக் கேள்.

சண்முகவேல்

*

நாமகிரிப்பேட்டை
26-8-2024

அண்ணனுக்கு,

ஈஸ்வர் சம்மதித்தான். பத்திரிகை அடித்தாகிவிட்டது. உங்களுக்கு அனுப்பவில்லை, அனுப்பக் கூடாது.

நிலா, “மாமா என்னம்மா சொன்னாங்க?” என்று கேட்டாள். கணக்குப் போட்டுச் சொன்னார் என்றேன். “சரியாத்தான் இருக்கும்” என்றாள். அவ்வளவுதான்.

கலைமணி

*

நாமகிரிப்பேட்டை
18-9-2024

அண்ணனுக்கு,

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. இதை எழுதக் காரணம் வேறு.

பட்டம் கட்டி முடித்து, பெண்ணை முகூர்த்தப் புடவைக்கு அனுப்பும்போது அண்ணி மண்டப வாசலில் நிற்கிறார்கள். ராசிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள், ஆண்டகலூர் கேட்டில் வண்டி நெடுநேரம் நின்றுவிட்டதாம். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை; நான் பார்த்துவிட்டேன். ஆறு வருடத்துக்குப் பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல், ஏனுங்க அண்ணி, அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்காங்களே என்றேன்.

“உங்கொண்ணன் போட்டாரு. நான் போடலையே. என்ற நாத்தனா மக கல்யாணத்துக்கு நான் வாரேன், எவன் கேப்பான்?” என்றார்கள். நான் சொல்லிப் பார்த்தேன், ‘குடும்பத்தார்’ என்று ஆறாம் பத்தியில் இருக்கிறதே என்று. “அது ஆம்பளைங்க எழுதுனது” என்று கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்கள். வெள்ளிப் பட்டம். நீங்கள் ஆவணி பிறந்ததுமே சேலத்தில் செய்யக் கொடுத்தது, மேஜை மேல் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு ‘நான் கடைக்குப் போறேன்’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனீர்கள் என்றார்கள்.

அதற்குள் ஈஸ்வர் கட்டிவிட்டான். ஒரு நெற்றியில் கட்டின பட்டத்தை அவிழ்த்து இன்னொன்று கட்டுவது வழக்கமில்லை. கால் மணி முன்னால் வந்திருந்தால் நடந்திருக்கும். அண்ணி சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

பட்டம் என் பீரோவில் இருக்கிறது. பண்டம் கைமாறிவிட்டது. குடும்பத்தார் கலந்துகொண்டுவிட்டார்கள். இப்போது ஏழாம் பத்திக்கு என்ன செய்கிறோம்?

கலைமணி

*

செவ்வாய்ப்பேட்டை
27-9-2024

கலைமணிக்கு,

இன்றைக்கு ஆர்டர் வந்துவிட்டது. விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம்மைத் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். நீ ஒரு மூட்டைகூடக் குறைக்க வேண்டியதில்லை, நானும் வேண்டியதில்லை. நினைத்தது கிடைத்தது.

கீழே நிபந்தனை போட்டிருக்கிறார்கள். மனுவில் சொன்ன நிலைமை நீடிக்கும் வரைதான் விலக்கு. வருடா வருடம் ஏப்ரலில் இரண்டு பேரும் புதிதாகச் சான்று கொடுக்க வேண்டும், ஆறாம் பத்தியில் உள்ளது உள்ளபடியே இருக்கிறது என்று. நாம் ஒருவருக்கொருவர் யாருமில்லை என்று வருடம் ஒரு கையெழுத்து. நமக்குப் பிறகு நம் பிள்ளைகள் கணக்கை நடத்தினால் அவர்களும் போட வேண்டுமாம்.

உன் கடிதத்தில் இருந்ததை வக்கீலிடம் சொன்னேன். “மேடம் போனது உங்களுக்குத் தெரியாதுன்னு வெச்சுக்குங்க சார்” என்றார். எப்படி வைத்துக்கொள்வது? பட்டம் செய்யக் கொடுத்தது நான். மேஜை மேல் வைத்தது நான். பூவாத்தாள் எடுத்துப் போவாள் என்று தெரிந்துதான் வைத்தேன். அவ்வளவு தூரம் துணிந்தவன் காரை எடுத்துக்கொண்டு அவளோடு போயிருக்கலாம். பஸ்ஸில் அனுப்பினேன். கார் நம்பர் தெரிந்துவிடும் என்று அதிலும் ஒரு கணக்கு.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்ப்பேட்டை முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. காலண்டரில் முகூர்த்த நேரம் போட்டிருந்தது. அந்தக் கால் மணியும் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நல்ல நேரத்தை எதுவும் விற்காமலும் வாங்காமலும் போகவிட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு வழி ஜூலையிலேயே இருந்தது. வக்கீல் முதல் நாளே சொன்னார், நான்தான் உனக்கு எழுதவில்லை. ‘ஆமாம், நாங்கள் ஒரே குடும்பம், ஒரே குழு’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு வரம்பை இரண்டு பேரும் பிரித்துக்கொள்வது. அதற்கு மனு வேண்டாம், சாட்சி வேண்டாம், ஆறாம் பத்தி வேண்டாம். நான் பாதிக்கு மேல் குறைத்திருக்க வேண்டும். குறைக்க மனமில்லை. உன் காட்டுக்காரனைக் காட்டி உனக்குப் புத்தி சொன்னேனே, அதில் என் மூட்டையும் உட்கார்ந்திருந்தது.

விலக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம். குறைக்க வேண்டியது முழுதும் நான் குறைக்கிறேன். நீ எதையும் தொட வேண்டாம். என்ன சொல்கிறாய்?

சண்முகவேல்

*

நாமகிரிப்பேட்டை
4-10-2024

அண்ணனுக்கு,

வாரியத்துக்கு நானே எழுதிவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருந்தால் உடனே என்ற வார்த்தை பொய்யாகிவிடும் என்று நீங்கள் எழுதிய அன்றே தபாலில் போட்டேன். இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். காலண்டரைப் பார்க்காமல் போட்டேன். பிறகு பார்த்தேன், ராகுகாலம்.

இந்த வழி ஜூலையிலேயே இருந்தது என்று படித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் குடோனுக்குப் போய்விட்டேன். சாயங்காலம்தான் மிச்சத்தைப் படித்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். நானும் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நம் வழக்கில் நமக்கு வேறு வழி வேண்டியிருக்கவில்லை.

முழுதும் நீங்கள் குறைப்பது எனக்குச் சம்மதமில்லை. தர்மம் வாங்குகிறவள் ஏலத்தில் உட்கார முடியாது. நீங்கள் விற்று வைத்ததைத் திருப்பி வாங்கினால், உங்கள் கைச்சரக்கு பாதுகாப்பில்லாமல் நிற்கும், அதை அவசரமாக ஏலத்துக்குக் கொண்டுவருவீர்கள், களத்தில் உங்கள் அவசரம் தெரிந்துவிடும், விலையை அடிப்பார்கள். அந்த நஷ்டத்தில் பாதி என்னுடையது. பாதிக்கு ஒரு பைசா குறைந்தாலும் குழுவில் சேர மாட்டேன்.

நிலா துபாய்க்கு விசா வரும்வரை ராசிபுரத்தில்தான் இருக்கிறாள். பட்டத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “மாமா கையால தந்தா வாங்கிக்கறேன்” என்றாள். நெற்றிக்கு இனி ஆகாது, அது அவளுக்கும் தெரியும்.

கலைமணி

*

செவ்வாய்ப்பேட்டை
16-10-2024

சாமி,

வாரியம் விலக்கை ரத்து செய்துவிட்டது. உடனே தெரிவித்ததால் அபராதம் இல்லை, எச்சரிக்கை மட்டும். குழுவாகப் பதிவு செய்தாகிவிட்டது. அந்தப் பெண் அதிகாரி வக்கீலிடம், திருமண விவரத்தைத் தாமாகவே எழுதிய மனுதாரரை இதுவரை பார்த்ததில்லை என்றாராம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வாழ்த்துச் சொல்லச் சொன்னாராம். மும்பைக்காரிக்குத் தோன்றியிருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாளாக நாமகிரிப்பேட்டை ஏலத்தில் என் சரக்கு ஓடியதைப் பார்த்திருப்பாய். நீ சொன்ன மாதிரியே அடித்தார்கள். தீர்த்தகிரியும் சேர்ந்து அடித்தான். பிரமாணப் பத்திரத்தன்று நான் வாங்கிக் கொடுத்த காபியைக்கூட மறந்துவிட்டான்.

பாதிப் பங்கு என்பது அதிகம். போன வாரக் கடிதத்தில் நான் கேட்டது கால், நீ நின்றது பாதி. நேற்றுத் தபாலில் வந்த உன் சீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். பேசி முடித்ததை எழுதி வைக்கிறேன், நீயும் ஒரு நகல் வைத்துக்கொள்.

வரம்பில் பத்துக்கு ஏழு உனக்கு, மூன்று எனக்கு. காட்டுக்காரர் மஞ்சள் முழுதும் விற்கும் வரை இதுதான்.

என் சரக்கில் குவிண்டாலுக்கு நானூற்று இருபது ரூபாய் அடிபட்டது. அதில் நூற்று நாற்பது உன் பொறுப்பு, மீதி என் பொறுப்பு. தீபாவளிக்கு முன் கணக்குத் தீர வேண்டும்.

குழுவாகப் பதிந்தவர்கள் மாதம் ஒரு தடவை இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்த்துச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. உட்காருகிற இடம் உன் வீடு. காரில்தான் வருவேன். பூவாத்தாளும் வருவாள். அன்றைக்குச் சாப்பாட்டுச் செலவு உன்னுடையது.

முதல் தடவை உட்காருவதற்கு முன்னால் ராசிபுரம் போய்வர வேண்டும். பட்டத்தை நீ எடுத்துக்கொண்டு வா, கொடுப்பது நான். மாமன் சீர்ப் புடவை ஆவணியில் எடுத்தது, மடிப்புக் கலையாமல் இருக்கிறது. நாள் கடந்து வருகிற சரக்கு இது. நிலா என்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறாளோ அந்த விலை.

சண்முகவேல்